மாப்பிள்ளை முடிச்சும் போர்வெல் ஒயினும்

புதிதாக அப்பா ஆனவனை நம்பி எந்தப் பொருளையும் கொடுக்கக் கூடாது. தூக்கம் கெட்டுப்போய் மூளை பாதிதான் வேலை செய்யும். ஆனால் உலகத்திலேயே பொறுப்பான ஆள் தான்தான் என்கிற நினைப்பு மட்டும் முழுசாக இருக்கும். இரண்டும் ஒருவனிடம் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு என் மாமனார் வீட்டுக்குள் இன்றைக்கும் என்னைத்தான் உதாரணம் காட்டுகிறார்கள். (பேரெல்லாம் சொல்வதில்லை. 'அந்தப் பாட்டல் மாப்ள' என்றாலே போதும்.)

நான் திருச்செங்கோட்டில் போர்வெல் வண்டிகளுக்கு உதிரி பாகம் விற்கிறவன். மனைவி தேன்மொழிக்குச் சொந்த ஊர் சங்ககிரி. தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு போனாள், மகள் பிறந்தாள். 'பார்த்துவிட்டு வந்துவிடுகிறேன்' என்று ஒரு சனிக்கிழமை மாமனார் வீட்டுக்குக் கிளம்பிப் போனவன், மூன்று மாதம் அங்கேயே தங்கிவிட்டேன். காலையில் அங்கிருந்து கடைக்கு வருவேன், இருட்டுவதற்குள் அங்கே ஓடிவிடுவேன். கேட்டவர்களிடமெல்லாம் குழந்தையைப் பிரிந்திருக்க முடியவில்லை என்றேன். அது உண்மைதான். ஆனால் பாதி உண்மை. மீதிப் பாதி மாமனாரின் சமையல்.

மாமனார் பத்து வயது குறைவாகத் தெரியும் ஓய்வுபெற்ற லாரி டிரைவர். அசாம் முதல் கோவா வரை லோடு ஏற்றிப் போனவர். எங்கள் பக்கத்து டிரைவர்கள் ஓட்டலை நம்ப மாட்டார்கள், வண்டியிலேயே அடுப்பும் அரிசியும் போகும், நிழல் கண்ட இடத்தில் உலை வைப்பார்கள். அப்படிச் சமைத்துப் பழகிய கை. அத்தைக்கு முட்டி வலி வந்த நாளிலிருந்து வீட்டுச் சமையலும் அவருடையதாகிவிட்டது. மகள் பிரசவித்து வந்ததும் அடுப்படிக்குள் வேறு யாரையும் அவர் விடவில்லை. காலையில் ஆட்டுக்கால் சாறு. மத்தியானம் பூண்டுக் குழம்பு, இல்லாவிட்டால் பால்சுறாப் புட்டு. சாயங்காலம், பிரசவ மருந்துச் சாமான் அரைத்த செலவு ரசத்தில் கோழி. அம்மியில் அரைத்த மிளகின் வாசம் கொல்லைப்புறம் தாண்டி ரோடு வரைக்கும் வரும்.

எல்லாமே தேன்மொழிக்குப் பால் ஊறுவதற்காகச் செய்தவை. அவள் இரண்டு வாய் சாப்பிடுவாள். மீதி வீணாகக் கூடாதே என்று நான் உட்காருவேன். பெற்றது அவள், பத்தியம் இருந்தது நான். இன்னும் ஒரு மாதம் போயிருந்தால் எனக்கே பால் ஊறியிருக்கும். "ஏனுங்க, நீங்க கொழந்தயப் பாக்க வந்தீங்களா, கொழம்பப் பாக்க வந்தீங்களா?" என்று அவள் கேட்பாள். நான் எலும்பைக் கடித்துக்கொண்டிருப்பேன்.

சமையலில் இவ்வளவு தாராளமான மனுஷன் ஒரு விஷயத்தில் மட்டும் கறார். நிச்சயத்தன்று தட்டை மாற்றும் முன் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "நகை நட்டு பத்தியெல்லாம் நான் பேசலீங்க மாப்ள. குடி மட்டும் கூடாது. ரோட்டுல நான் பாத்ததெல்லாம் போதும்" என்றார். "சத்தியமா அந்தப் பழக்கமே கெடையாதுங்க மாமா" என்றேன். அன்றைய தேதியில் அது சுத்தமான உண்மை.

அப்புறம்தான் பெங்களூரில் ஒரு நண்பன் எனக்கு ஒயின் என்றால் என்ன என்று காட்டிக் கெடுத்தான். அதிலும் சாதா ஒயின் இல்லை. மருந்து அடிக்காத திராட்சை, தோலோடு நசுக்கி அது பாட்டுக்குப் புளிக்க விட்டது, வடிகட்டக்கூட மாட்டார்கள். கலங்கலாக இருக்கும். எனக்குப் பெண் பிறந்த செய்தி கேட்டு இரண்டு பாட்டில் கொண்டுவந்து கொடுத்தான். "இது உசுரோட இருக்கற ஒயின்டா. சூடு ஆகவே ஆகாது. கொழந்தை மாதிரி பாத்துக்க" என்றான். ஏற்கெனவே ஒரு குழந்தையையே எப்படித் தூக்குவது என்று தெரியாமல் தவிக்கிறவனிடம் இன்னும் இரண்டைக் கொடுத்துவிட்டுப் போனான்.

முதல் பாட்டிலை ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் திறந்தேன். மாமனாரும் அத்தையும் ஒரு கல்யாண வீட்டுக்குப் போயிருந்தார்கள். குழந்தை தொட்டிலில் தூங்கியது. எவர்சில்வர் டம்ளரில் நாலு விரல் உயரம் ஊற்றிக்கொண்டு, மத்தியானத்துக் கோழிக் குழம்பையும் ஈரல் வறுவலையும் பக்கத்தில் வைத்துக்கொண்டேன். ஒரு வாய் ஒயின், ஒரு துண்டு ஈரல். அந்தப் புளிப்பு போய் மிளகுக் காரத்தைத் தொட்ட இடத்தில் எனக்குக் கண் சொருகிவிட்டது. தேன்மொழி பால் கொடுக்கிறவள், குடிக்க மாட்டாள். டம்ளரை வாங்கி மோந்து மட்டும் பார்த்தாள்.

"பழைய சோத்துத் தண்ணி வாசமுங்க" என்றாள். "கம்மங்கூழு ரெண்டு நாள் புளிச்சா இப்படித்தான் இருக்கும்."

நண்பன் அரை மணி நேரம் விளக்கியதை அவள் ஒரே மூச்சில் சொல்லிவிட்டாள். அவள் அப்பாவின் அடுப்படியில் கூழும் மாவும் மோரும் தானாகப் புளித்துக்கொண்டிருக்கின்றன, யாரும் அவற்றுக்கு விசேஷப் பெயர் வைக்கவில்லை. எனக்கு அந்த வீட்டின் மேல் இருந்த மரியாதை இன்னும் கூடியது. டம்ளரைத் திருப்பிக் கொடுக்கும்போது அவள் சொன்னாள், "இன்னொன்ன எடுத்து வைங்க. பாப்பா பால்குடி மறந்ததும் நாம ரெண்டு பேருமாக் குடிக்கலாம்."

கட்டிய மனைவி ஆசையாகக் கேட்ட ஒரே பொருள். காப்பாற்றியே தீருவது என்று முடிவு செய்தேன். ஆனால் எங்கே வைப்பது? சித்திரை மாதம். சங்ககிரி மலைப்பாறை விடுகிற அனலில் பீரோவுக்குள் இருக்கும் துணிகூடச் சுடும். ஃபிரிஜ் மாமனார் ராஜ்யம். அதில் சொந்தக்காரர்கள் கொண்டுவந்த முட்டையும் எலும்பும் போக ஒரு எலுமிச்சம்பழம் வைக்க இடம் கிடையாது. இடம் இருந்தாலும் வைக்க முடியாது, அது வேறு விஷயம்.

வெளிநாட்டில் ஒயினைப் பூமிக்கடியில் வைப்பார்கள் என்று நண்பன் சொன்னது ஞாபகம் வந்தது. பூமிக்கடியில்! என் தொழிலே பூமிக்கடியில்தான். வீட்டுக்குப் பின்னால் தென்னை மரங்களுக்கு நடுவே தண்ணீர் வற்றிய பழைய போர் ஒன்று இருந்தது. மேலே நாலு போல்ட் போட்ட இரும்பு மூடி. பாட்டிலைக் கயிற்றில் கட்டி உள்ளே தொங்கவிட்டால் ஒரு வருஷமானாலும் குளுகுளுவென்று இருக்கும் என்று கணக்குப் போட்டேன். இதைவிட புத்திசாலித்தனமான யோசனை இந்த ஜில்லாவிலேயே யாருக்கும் வந்திருக்காது என்று தோன்றியது. (யாருக்கும் வரவில்லை என்பதும் உண்மைதான்.)

கயிறு கட்டுவது பற்றி இங்கே சொல்ல வேண்டும். குழந்தைக்குத் தொட்டில் கட்டிய அன்று, மாமனார் தார்ப்பாய் கட்டுகிற பழக்கத்தில் ஒரே இழுப்பில் முடிச்சுப் போட்டுவிட்டு நகர்ந்தார்.  என் பெண் தொங்கப்போகிற கயிற்றுக்கு ஒரே முடிச்சா? அவர் அந்தப் பக்கம் போனதும் அதன் மேல் ஒரு முடிச்சு, பயம் தீராமல் அதன் மேல் இன்னொன்று என்று போட்டுக்கொண்டே போனேன். கடைசியில் உத்தரத்துக் கொக்கியில் தேன்கூடு மாதிரி ஒரு உருண்டை தொங்கியது. மாமனார் அண்ணாந்து பார்த்து, "இதென்னங்க மாப்ள, கொழந்தயக் கட்டறீங்களா, ஆனையக் கட்டறீங்களா?" என்றார். வந்தவர்கள் எல்லாரும் அண்ணாந்து பார்த்துச் சிரித்தார்கள். அதற்கு 'மாப்ள முடிச்சு' என்று பெயரும் ஆகிவிட்டது.

பாட்டிலின் கழுத்திலும் அதே முடிச்சைத்தான் போட்டேன். ஒரு மத்தியானம் எல்லாரும் கண்ணயர்ந்த நேரத்தில் போல்ட்டுகளைக் கழற்றி, மூடியை நகர்த்தி, கயிற்றை மெதுவாக விட்டுக்கொண்டே இருந்தேன். கயிறு முக்கால்வாசி உள்ளே போயிருக்கும். மறுமுனையை மூடியில் கட்ட வேண்டியதுதான் பாக்கி. அப்போது வீட்டுக்குள் குழந்தை வீறிட்டது.

அப்பா ஆனவர்களுக்குத் தெரியும். அந்தச் சத்தம் காதுக்கு வருவதற்கு முன்னால் கைகால்களுக்கு வந்துவிடுகிறது. என் கை தானாக விரிந்தது. கயிறு சர்ரென்று உள்ளே ஓடி மறைந்தது. எட்டிப் பார்த்தேன், இருட்டு. மூடியை அவசரமாக இழுத்துப் போட்டுவிட்டு உள்ளே ஓடினேன். குழந்தைக்கு ஒன்றும் இல்லை, ஈரத்துணி. தேன்மொழியிடம் விஷயத்தைச் சொன்னேன். "கிணத்துல கல்லப் போட்டாப்பல போட்டுட்டு வந்துட்டீங்க" என்று திரும்பிப் படுத்துக்கொண்டாள். போனது போகட்டும், பூமித்தாய் குடிக்கட்டும் என்று மனசைத் தேற்றிக்கொண்டேன்.

மூன்றாம் மாதம் முடிந்து நாங்கள் திருச்செங்கோடு கிளம்புவதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை, மாமனார் கிடா வெட்டிச் சொந்தத்துக்கெல்லாம் விருந்து வைத்தார். அன்றைக்கு அவர் கால் ஒரு இடத்தில் நிற்கவில்லை, காரணம் கறிவிருந்து மட்டுமல்ல. அவருடைய தம்பி வந்திருந்தார். பக்கத்துத் தோட்டம்தான், வண்டித்தடம் விஷயத்தில் சண்டை வந்து வருஷக்கணக்காக அண்ணன் தம்பிக்குள் பேச்சில்லை. என் மகளைச் சாக்காக வைத்து மாமனாரே போய்க் கூப்பிட்டிருந்தார். தம்பி வந்து, குழந்தை கையில் நூறு ரூபாய்த் தாளைத் திணித்துவிட்டு, எங்கே உட்காருவது என்று தெரியாமல் தென்னை மரத்தடியில் நின்றுகொண்டிருந்தார். மாமனார் கரண்டியோடு ஓடி ஓடி வந்து, "குமாரு, சித்த உக்காரு சாமி, எலை போட்டுருவேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். அந்தக் குரலில் இருந்த குழைவை நான் அதுவரை கேட்டதில்லை.

விதி என் மச்சான் கார்த்தி ரூபத்தில் வந்தது. தேன்மொழிக்குப் பெரியப்பா பையன், சொந்தமாகப் போர் வண்டி வைத்திருக்கிறவன். போருக்குள் இறக்கிப் பார்க்கிற கேமரா ஒன்றைப் புதிதாக வாங்கியிருந்தான். அதை யாரிடமாவது காட்டாவிட்டால் அவனுக்குச் சோறு இறங்காது.

"சித்தப்பா, உங்க பழைய போர்ல இப்ப ஊத்து எதாவது தொறந்துருக்குதான்னு பாத்துரலாமுங்களா?" என்றான்.

"கொழந்த வந்த நேரம், தண்ணி வந்தாலும் வரும். பாரு சாமி" என்றார் மாமனார்.

"எதுக்கு மச்சான் இப்ப, சாப்புடற நேரத்துல" என்றேன். "வெயிலு வேற. கேமரா சூடாயிரப் போவுது." கேமரா மேல் எனக்கு வந்த அக்கறையைப் பார்த்து அவன் நெகிழ்ந்துபோனான். ஆனால் நிறுத்தவில்லை. ஸ்பேனரோடு குனிந்தவன், "அட, போல்ட்டே இல்லீங்க சித்தப்பா" என்று மூடியைக் கையாலேயே தள்ளினான். மாமனார் முகத்தில் ஏதோ ஒன்று வந்து போனது. எனக்கு அப்போது அது புரியவில்லை.

சின்ன டிவி மாதிரி ஒரு பெட்டி. மொத்தச் சொந்தமும் அதைச் சுற்றிக் கூடிவிட்டது. கேமரா இறங்க இறங்க, பாறை வெடிப்பும் வேரும் தெரிந்தன. கார்த்தி டாக்டர் ஸ்கேன் பார்த்துச் சொல்வது போலச் சொல்லிக்கொண்டே வந்தான். எனக்கும் ஸ்கேன் அறையில் நின்ற அதே நடுக்கம். அடியில் சேறு தெரிந்தது. சேற்றுக்கு நடுவில், கொஞ்சமும் அசையாமல், சாமி சிலை மாதிரி நிமிர்ந்து நின்றது என் பாட்டில்.

 கார்த்தி கொக்கியை இறக்கி, மேலே சுருண்டு கிடந்த கயிற்றில் மாட்டித் தூக்கினான். உடையாமல் வந்தது. சேற்றில் ஊறி லேபிள் போய்விட்டிருந்தது. கலங்கலாய், கருஞ்சிவப்பாய், அடியில் வண்டல் கட்டிய தண்ணீர். கழுத்தில் கொத்துக் கொத்தாய் முடிச்சு.

"ஐயோ சாமி, செய்வினை!" என்றார் கூட்டத்தில் ஒரு பெரியம்மா. "ரத்தத்த அடைச்சு முடிச்சுப் போட்டு எறக்கியிருக்குறாங்க. அதான் தண்ணி வத்திப்போச்சு. பக்கத்துலயே இருக்கறவங்க வேலைதான் இது."

அவர் யார் பெயரையும் சொல்லவில்லை. ஆனால் பக்கத்தில் இருக்கிறவர் ஒருவர்தான். எல்லார் கண்ணும் மெதுவாகத் தென்னை மரத்தடிக்குப் போனது. தம்பிக்காரர் முகம் செத்துப்போனது. துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, "நான் வாரேனுங்கண்ணா" என்று செருப்பைத் தேடினார்.

நான் வாயைத் திறந்தேன். 'அது என்னோடது' என்று ரெண்டு வார்த்தை சொன்னால் முடிந்தது. சொன்னால் குடிகார மாப்பிள்ளை, சத்தியம் தவறியவன், மூன்று மாதம் இவர் சோற்றைத் தின்றுவிட்டு இவர் போரிலேயே சரக்கு பதுக்கியவன். திறந்த வாயிலிருந்து காற்றுதான் வந்தது. என் வாழ்க்கையில் அவ்வளவு கேவலமாக நான் எப்போதும் நின்றதில்லை.

மாமனார் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து பாட்டிலைக் கையில் எடுத்தார். முடிச்சைப் பார்த்தார். அப்புறம் ஜன்னல் வழியே, உள்ளே ஆடிக்கொண்டிருந்த தொட்டிலின் கொக்கியைப் பார்த்தார். கடைசியாக என்னைப் பார்த்தார். அத்தை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். தேன்மொழி குழந்தையின் கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டு தோள் குலுங்கினாள்.

"டேய் குமாரு, எங்கடா போற?" என்றார் மாமனார். "இது நான் வெச்சது. திராட்சைக் காடி. கோவாவுல கறிக்குப் புளிக்குப் பதிலா இதத்தான் ஊத்துவாங்க. வெயில் படாம இருக்கட்டும்னு உள்ள எறக்குனேன், கயிறு கைய உட்டுப் போயிருச்சு. செய்வினையாம், கிய்வினையாம்!"

சொல்லிக்கொண்டே மூடியை நெம்பினார். புஸ்ஸென்று நுரைத்தது. பெரியம்மா ரெண்டடி பின்னால் போனார். "பாருங்க, என்னமாப் புளிச்சிருக்குதுன்னு" என்று மாமனார் நேராகக் கொல்லைப்புற அடுப்புக்கு நடந்தார். கொதித்துக்கொண்டிருந்த கிடாக்கறிக் குண்டாவில் மொத்தப் பாட்டிலையும் கவிழ்த்தார். நண்பன் உயிருள்ளது என்று சொன்ன ஒயின். பாப்பா பால்குடி மறக்கும் வரை என் மனைவி காத்திருப்பதாகச் சொன்ன ஒயின். கண் முன்னால் கறியோடு கறியாகக் கொதித்தது.

அந்தக் குழம்பை என்னவென்று சொல்வது? மிளகும் சோம்பும் முன்னால் வந்து, பின்னாலேயே ஒரு புளிப்பு, அதற்கும் பின்னால் லேசாக ஒரு பழ வாசம். கறி எலும்பிலிருந்து தானாகக் கழன்றது. பெரியம்மா மூன்று தடவை குழம்பு வாங்கினார். மாமனார் தம்பியைத் தன் பக்கத்து இலையிலேயே உட்காரவைத்து, நல்லி எலும்பாகப் பொறுக்கி அவர் இலையில் போட்டுக்கொண்டிருந்தார். தம்பி குனிந்த தலை நிமிராமல் சாப்பிட்டார். கண்ணைத் துடைத்ததற்குக் காரம் என்றார். (தேன்மொழிக்கு மட்டும் தனியாக வைத்த பூண்டுக் குழம்பு. 'என் பங்கு ஒயினை ஊரே குடிச்சாச்சு' என்று இன்றும் சொல்லிக் காட்டுகிறாள்.)

எல்லாரும் போனபின் மாமனார் என்னைப் போர் பக்கம் கூப்பிட்டார். 

"மாமா, அது ஒயினுங்க. எப்பவாச்சும்தானுங்க... சத்தியம் பண்ணினப்ப நெசமாவே..."

கையை உயர்த்தி நிறுத்தினார். "அது உங்குளுக்கும் அவளுக்கும். என்ற புள்ள கண்ணுல தண்ணி வராத வரைக்கும் நான் கேக்க மாட்டேன்" என்றார். அப்புறம் குனிந்து மூடியைத் தொட்டார்.  "நாலு போல்ட்டுங்க மாப்ள. ஒண்ணுகூட முறுக்கல. இன்னும் ஆறேழு மாசம் போனா அவ தவந்து இங்கதான வருவா? தொட்டிலுக்கு அத்தன முடிச்சுப் போட்டீங்க. இத எப்படீங்க தொறந்து போட்டீங்க?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. போர் சாமான் விற்கிற நான், எத்தனை பேரிடம் மூடி போடச் சொல்லியிருப்பேன்! அவர் என்னைத் திட்டவில்லை. அது இன்னும் வலித்தது. இரண்டு பேருமாக உட்கார்ந்து நாலு போல்ட்டையும் முறுக்கினோம். மறுநாள் ஆளை வரவைத்து வெல்டிங்கும் வைத்துவிட்டார். அன்று போல்ட்டை முறுக்கிவிட்டு எழுந்தவர், கையைத் தட்டிக்கொண்டே மெதுவாகக் கேட்டார், "அதுசரி, போர் தண்ணி என்னைக்காவது சில்லுனு வந்து பாத்திருக்கறீங்களா? வெதுவெதுன்னுதான வரும்?" நான் யோசித்துப் பார்த்தேன். என் கடை வாசலில் தினமும் கை கழுவுகிற தண்ணீர் அது. வெதுவெதுவென்றுதான் வரும்.

மகள் இப்போது ஓடித் திரிகிறாள். வருஷா வருஷம் கிடா வெட்டும்போது சொந்தக்காரர்கள் 'கோவாக் கொழம்பு' கேட்கிறார்கள். மாமனார் என் பக்கம் திரும்பாமலே, "காடி தீந்துபோச்சுங்க" என்பார். போன மாதம் அவருடைய தம்பிக்குப் பேரன் பிறந்தான். தொட்டில் கட்டுகிற அன்று காலையிலேயே தம்பிக்காரரிடமிருந்து எனக்குப் போன் வந்தது.

"மாப்ள, நீங்கதான் வந்து கட்டோணும்."

"நானுங்களா? மாமா ஒரே இழுப்புல கட்டிருவாருங்களே."

"அண்ணன் கட்டறது செரிதான். ஆனா உங்க முடிச்சப் போருக்குள்ளயே பாத்துட்டனுங்களே" என்றார் அவர். "அத்தன ஆழத்துல பாட்டலே அவுந்து போகல, கொழந்தைக்கு என்ன பயம்?"

அன்று இலையில் நல்லி எலும்பைக் கடித்துக்கொண்டு தலை நிமிராமல் உட்கார்ந்திருந்த மனுஷன், எல்லாம் தெரிந்துதான் உட்கார்ந்திருக்கிறார். போய்க் கட்டிவிட்டு வந்தேன், அதே தேன்கூடு. மாமனார் அண்ணாந்து பார்த்தார், இந்தத் தடவை சிரிக்கவில்லை. கயிற்றைப் பிடித்து ஒருமுறை தொங்கிப் பார்த்துவிட்டு, "இதுல ஆனையே படுக்கலாம்" என்று பேரனை வாங்கித் தொட்டிலில் போட்டார்.